இல்லை என்று எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு பஸ் ஏறினால், மிருசுவில் தாண்டி முகமாலை வரும்போது ஜன்னல் பக்கம் இருப்பவர் ஒருக்கால் வெளியே பார்ப்பார். நாங்களும் பார்ப்போம். தலையில்லாத பனைகள், அவற்றுக்குக் கீழே புதிதாக வந்த வடலிகள், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள். ஒவ்வொரு வருசமும் பலகைகள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிப் போயிருக்கும். பஸ்ஸுக்குள்ளே பாட்டுப் போய்க்கொண்டிருக்கும்.

நாங்கள் என்றால், வன்னியிலிருந்து கலைப்பீடத்துக்கு வந்து திருநெல்வேலியில் ஒரே அறையில் இருக்கிற மூன்று பேர். எங்கட பக்கம் அறிவியல் நகரில பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கு. எங்கட பாடங்களுக்கு யாழ்ப்பாணம்தான், அதனால்தான் இந்த பஸ். கீழே வருவது எங்களில் ஒருவரின் வீட்டுக் கதை. மற்ற இரண்டு பேருக்கும் அது புதுக்கதை இல்லை, ஆகவே நாங்கள் என்றே எழுதுகிறோம்.

2010இல் மெனிக்பாமிலிருந்து திரும்பி வந்தபோது நாங்கள் மூன்றாம் ஆண்டு. தறப்பாள் கொட்டிலுக்குள் நடந்த பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒழுங்காகப் பாடமானது மிதிவெடி அபாயக் கல்விதான். தெரியாத சாமானைத் தொடக்கூடாது, பாதையை விட்டு இறங்கக்கூடாது, சந்தேகம் வந்தால் அசையாமல் நில். வாய்ப்பாடு பிழைக்கும், இது பிழைக்காது.

எங்கட வளவின் முன்பக்கம் துப்புரவாக்கித் தந்திருந்தார்கள். கிணத்தடிக்குப் பின்னால் நாடா கட்டியிருந்தது. அந்த நாடாவுக்கு அங்கால என்ன இருக்கு என்பதில் ஊருக்குள் ஆளுக்கொரு அறிவு. ஒரு ஐயா, "அங்க ஒண்டும் இல்லை, நான் பாத்தனான்" என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். இன்னும் சிலருக்கு மாடுதான் கணக்கு. மாட்டின் நிறைக்கு வெடிக்காத இடம் மனுசருக்கும் வெடிக்காது, ஆகவே மாடு போன தடத்தில் கால் வைத்துப் போ. விறகுக்குப் போன அம்மாவின் பின்னால் நாங்கள் அப்படித்தான் போனோம், அவவின் காலடிக்குள் எங்கட காலடியை வைத்து. மோசமான ஊகம் என்று சொல்ல ஏலாது. ஆனால் ஒரு மாரி முடிய, அதே தடத்தில் ஒரு ஆடு செத்தது. வெள்ளம் மண்ணை அரிக்கும், மண்ணுக்குள் இருப்பதும் சேர்ந்து நகரும். ஐயா தன் கருத்தை மாற்றவில்லை. "அது ஒண்டுதான் இருந்திருக்கும்" என்றார்.

கம்பஸ் வந்து மெய்யியல் எடுத்தபோது, டேக்கார்ட்டில் எங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது உண்மை. 1641இல் எழுதின தியானங்களில் மனுசன் நெருப்புக்குப் பக்கத்தில், குளிருக்கு உடுப்புப் போட்டுக்கொண்டு இருந்து, இந்தக் கை என்னுடையதுதானா என்று சந்தேகப்படுகிறார். எங்களுக்குச் சந்தேகம் காலில்தான் வந்தது, எட்டு வயதில்.

சிரிப்பு வராத வகுப்பும் ஒன்று இருந்தது. இந்திய அளவையியல். அறிவு எந்த வழியால் வருகிறது என்று பழைய ஆட்கள் போட்ட பட்டியல்கள். காண்டல், கருதல், உரை: பார்த்து அறிவது, ஊகித்து அறிவது, நம்பத்தகுந்தவர் சொல்லி அறிவது. மணிமேகலையில் வருகிற பட்டியலிலும், அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் தருகிற பட்டியலிலும் 'அபாவம்' என்றும் ஒன்று இருக்கிறது. இல்லாததை இல்லை என்று அறிவது. (எல்லாமே முதல் மூன்றுக்குள் அடங்கிவிடும் என்பது சித்தியாரின் முடிவு. நாங்கள் அந்தச் சண்டைக்குள் போகவில்லை.) இதற்கு வழமையாகச் சொல்லும் உதாரணம்: இந்த நிலத்தில் குடம் இல்லை. எப்படித் தெரியும்? குடம் கண்ணில் படவில்லை, அதனால்.

அது போதுமா என்று கேட்டால், போதாது. இதைத் தனி அளவையாக ஏற்றுக்கொண்ட குமாரில பட்டரின் மீமாம்சை மரபில் ஒரு நிபந்தனை இருக்கிறது. குடம் இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலை முதலில் இருக்க வேண்டும். வெளிச்சம் வேண்டும், கண் சரியாக இருக்க வேண்டும், அந்த இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். இருட்டறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குடம் இல்லை என்பவனுக்குக் குடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நாங்கள் மூன்று பேரும் கொப்பியிலிருந்து நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்தோம். ஊரில் அந்த ஐயா செய்தது இதுதான்.

பக்கத்து வளவு அக்கா கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போய்ப் பத்து வருசத்துக்கு மேல். ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் என்று இந்த வேலை செய்கிற நிறுவனங்களில் எங்கட பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், குடும்பத்தைத் தனியாகக் கொண்டு நடத்துகிறவர்கள் அதில் கனபேர். அக்கா ஓ.எல். இரண்டு தரம் எடுத்துச் சரிவரவில்லை. கலியாண வீடுகளில் அவவை "வெடி எடுக்கிற பிள்ளை" என்று அறிமுகப்படுத்துவார்கள். எங்களை "கம்பஸ் பிள்ளைகள்", கதிரையும் முன்வரிசையில்.

ஒரு விடுமுறையில் அவவிடம் வகுப்புக் கேள்வியைக் கேட்டோம். துப்புரவாக்கி முடிந்த இடத்தில் வெடி இல்லையென்று என்னண்டு தெரியும்?

"இல்லையெண்டு எங்களுக்குத் தெரியாது," என்றா. "தேடினது தெரியும்."

பிறகு வேலையைச் சொன்னா. ஒரு மீற்றர் அகலத்தில் பாதை பிடிக்க வேண்டும். முகமூடிக் கண்ணாடியும் பாரமான அங்கியும் போட்டு, முழங்காலில் இருந்து, முன்னால் உள்ள துண்டை மட்டும் பார்க்க வேண்டும். கருவி ஆணிக்கும் கத்தும், சன்னத்துக்கும் கத்தும், பிஸ்கட் தகரத்துக்கும் கத்தும். ஒவ்வொரு சத்தத்தையும் வெடியென்றே எடுத்துத் தோண்ட வேண்டும். ஜொனி மரப்பெட்டி, சிலது பிளாஸ்ரிக், உலோகம் கொஞ்சம்தான், ஆகவே சில இடங்களில் கருவியை நம்பாமல் குறித்த ஆழத்துக்கு மண் முழுவதையும் வாரியால் வாரி எடுப்பார்கள். ஒரு நாள் முழுக்க வேலை செய்து சில சதுர மீற்றர். முடிந்த துண்டை இன்னொருவர் வந்து திரும்பச் சோதிப்பார். அதுக்குப் பிறகுதான் கையெழுத்து.

குமாரிலருடைய நிபந்தனையை அவ முழங்காலில் இருந்து நிறைவேற்றிக்கொண்டிருக்கிறா என்று எங்களுக்குப் பட்டது. 'இருந்தால் தெரிந்திருக்கும்' என்ற நிலை தானாக வருவதில்லை, யாரோ உடம்பு நோக வேலை செய்து அதை உண்டாக்க வேண்டும். அதன் பிறகுதான் 'காணவில்லை' என்ற வெறும் சொல் 'இல்லை' என்ற அறிவாகிறது. நாங்கள் இதை உற்சாகமாக அக்காவுக்கு விளங்கப்படுத்தினோம். அவ தேத்தண்ணி ஊத்திக்கொண்டே கேட்டா. "உங்கட மாஸ்டர்மார் இதுக்கு மார்க்ஸ் போடுவினமோ?"

இதைத் தெரிந்துகொண்ட பிறகு கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியைக் கடப்பது எங்களுக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் அங்கேதான் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதே மாதம் வவுனியாவிலும் தொடங்கியது. படங்களைப் பிடித்துக்கொண்டு இருந்த அம்மாக்களைப் பற்றி எங்கட வயதுக்காரரே கதைப்பதைக் கேட்டிருக்கிறோம்: பாவம், உண்மையை ஏற்றுக்கொள்ள மாட்டினம், இவ்வளவு வருசத்துக்குப் பிறகு இருப்பினமோ? வெட்கத்தோடு சொல்கிறோம், நாங்களும் ஏ.எல். படிக்கிற காலத்தில் அப்படிக் கதைத்திருக்கிறோம். நாங்கள்தான் அறிவுள்ளவர்கள், அவர்கள் நம்பிக்கையில் தொங்குகிறவர்கள் என்ற நினைப்பு.

2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். நாடாவுக்கு வெளியே நின்று சொல்கிற 'இல்லை' அது. எந்தத் துண்டைத் தேடினீர்கள், எந்த ஆழம் வரை, யார் திரும்பச் சோதித்தது, யார் கையெழுத்து வைத்தது? அம்மாக்கள் கேட்டதும் ஏறத்தாழ இதுதான். அவர்களுக்கு அறிவு குறைவு என்று நினைத்த எங்களைவிட, எதை அறிவென்று ஏற்கலாம் என்பதில் அவர்கள் கண்டிப்பாக இருந்திருக்கிறார்கள். இதை எழுதும்போதும் எங்களுக்கு உறுத்துகிறது. ஒரு தாயின் தவிப்பைப் பாடக்குறிப்பாக்குகிறோமோ என்று. எழுதாமல் விட்டால் பழைய கதைதான் எங்கட பெயரில் நிற்கும்.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி துப்புரவாக்கி முடிக்க வேண்டிய கெடு 2028 யூன். முடிந்தால் நல்லது. முடிந்த பிறகு அக்காவுக்கு என்ன வேலை என்று கேட்டோம். ஆடைத் தொழிற்சாலைக்குக் கேட்டுப் பார்த்தவவாம், வயது கூடிப்போச்சு என்றார்களாம்.

எங்கட பின்வளவின் நாடா போய்க் கனகாலம். போன மாதம் அப்பா அங்கே கக்கூஸ் குழி வெட்டத் தொடங்கினார். துப்புரவாக்கின ஆழத்தைவிடக் குழி ஆழம் என்று எங்களுக்குத்தான் பதற்றம். அக்காவைக் கூப்பிட்டோம். லீவு நாள், தலைமுழுகித் தலைவிரி கோலமாக வந்தா. வரம்பில் குந்தியிருந்து அப்பாவிடமிருந்து மண்வெட்டியை வாங்கி வைத்துவிட்டு, வீட்டிலிருந்து ஒரு சின்ன அலவாங்கும் தும்புத்தடியும் கொண்டுவரச் சொன்னா. மத்தியானம் ஆகும்போது முழங்கால் ஆழம்தான் போயிருந்தது. அப்பா பொறுமையில்லாமல் வேலியடியில் அங்கும் இங்கும் நடந்தார். நாங்கள் மண்ணை வாளியில் வாங்கி அள்ளிக் கொட்டினோம். அதுக்குள் ஒரு துருப்பிடித்த கரண்டியும், எங்கட பழைய வீட்டு ஓட்டுத் துண்டும் வந்தன.