நாவு முதல், தராசு முடிவு

மூலிகை மருந்து செய்யக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு எங்கள் ஆசான் முதலில் ஏடு எதையும் தருவதில்லை. ஓர் இலையைக் கையில் தந்து மெல்லச் சொல்வார். மென்று துப்பிவிட்டு, வாய் கொப்பளிக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். கசப்பு நுனிநாக்கோடு நிற்கிறதா, அடித்தொண்டை வரை இறங்குகிறதா, எவ்வளவு நேரம் தங்குகிறது, பின்னால் இனிப்பு வருகிறதா, வாயை இழுத்துப் பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அவர் கையால் தந்ததைத் தவிர வேறெதையும் வாயில் வைக்க யாருக்கும் அனுமதியில்லை. அந்த ஒரு விதியை மட்டும் அவர் யாருக்காகவும் தளர்த்தி நான் பார்த்ததில்லை.

நான் வேதியியல் படித்தவன். மருந்து ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் பரம்பரையாகச் சித்த மருத்துவம் பார்க்கும் ஒரு வீட்டில் மருந்துப் பக்குவம் பழகச் சேர்ந்தேன். ஆசானும் பதிவு பெற்ற மருத்துவர்தான். செடிக்குள் இருக்கும் பொருள்களின் பெயர்கள் எனக்குத் தெரிந்திருந்தன. அந்தப் பொருள் செடியில் எப்போது நிறைகிறது, எப்படி எடுத்தால் கெடாமல் வருகிறது, எந்த அளவைத் தாண்டினால் ஆளைக் கெடுக்கும் என்பதெல்லாம் அவர் முற்றத்தில்தான் தெரிந்தன.

கசப்பிலிருந்தே தொடங்குகிறேன். நிலவேம்பின் கசப்புக்குக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற பொருள். கோர்ட்டர் என்ற வேதியியலாளர் 1911-ல் அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். தண்டில் அது குறைவு, இலையில் அதிகம். ஆசான் நிலவேம்பைப் பூவெடுக்கும் பருவத்தில் அறுக்கச் சொல்வார். காய் முற்றி இலை உதிர்ந்த செடியைக் கொண்டுவந்தால் வாங்க மாட்டார். அறுத்ததை நிழலில்தான் உலர்த்த வேண்டும். இவை எனக்கு முதலில் பழைய வழக்கங்களாகவே தெரிந்தன. பிறகு நண்பர் ஒருவரின் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு பொட்டலங்களைக் கொண்டுபோனேன். ஒன்று எங்கள் முற்றத்தில் காய்ந்தது, மற்றது கடையில் வாங்கிய பொடி. சிலிக்கா பூசிய தகட்டின் கீழோரத்தில் இரண்டின் சாற்றையும் சொட்டுச் சொட்டாக வைத்து, தகட்டைக் கரைப்பானில் நிறுத்தினோம். கரைப்பான் மேலே ஏற ஏற, சாற்றில் உள்ள பொருள்கள் தனித்தனியாகப் பிரிந்து ஆங்காங்கே நின்றுவிடும். மெல்லடுக்கு நிறப்பகுப்பு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். புற ஊதா விளக்கின் கீழ் எங்கள் இலையின் புள்ளி கறுத்துத் தெளிவாக இருந்தது. கடைப் பொடியில் அதே இடத்தில் நிழல் மாதிரி ஒரு கறை மட்டும். அந்தப் பொடியை லென்ஸில் பார்த்தால் பெரும்பகுதி தண்டு. ஆசானிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. கடைப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது பாதி மருந்து, மக்கா" என்றார்.

நிலவேம்புக் குடிநீர் என்ற பெயரைப் பார்த்து அது ஒரே செடியின் கஷாயம் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் ஒன்பது சரக்குகள் உண்டு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்பாடகம், சுக்கு, மிளகு. இவற்றை இடித்தெடுக்கும் பொடி மாவாக இருக்கக் கூடாது, ஒன்றிரண்டாகத்தான் இருக்க வேண்டும். மாவாகிவிட்டால் கொதிக்கும்போது அடியில் பிடிக்கும், வடிகட்டவும் வராது. 200 மில்லி தண்ணீரில் 5 கிராம் போட்டு, சிறுதீயில் 50 மில்லியாகச் சுண்ட வைக்க வேண்டும். ஒரு சாமத்துக்குள், அதாவது மூன்று மணி நேரத்துக்குள், குடித்துவிட வேண்டும். காலையில் காய்ச்சியதை இரவுக்கு எடுத்துவைத்தால் ஆசான் எதுவும் பேசாமல் தென்னை மூட்டில் ஊற்றிவிடுவார்.

பாத்திரத்திலும் கவனம் வேண்டும். கடுக்காய் சேர்ந்த குடிநீரை இரும்புச் சட்டியில் காய்ச்ச விடமாட்டார், மண்சட்டிதான். கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணம் டானின்கள். அவை எச்சிலில் உள்ள புரதங்களோடு சேர்ந்து படிவதால்தான் வாய் இழுத்துப் பிடிக்கிறது. அதே டானின் இரும்போடு சேர்ந்தால் கருநீலமாகிவிடும். கடுக்காயிலிருந்து எழுத்து மை செய்தவர்கள் பயன்படுத்தியதும் இந்த மாற்றத்தைத்தான். மையாக மாறிய டானின் மருந்தாக வேலை செய்ய மிச்சமிருக்காது.

சுக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சை இஞ்சியின் காரம் பெரும்பாலும் ஜிஞ்சரால். இஞ்சியை உலர்த்தும்போது அதிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு கழன்று ஷோகாலாக மாறுகிறது. ஷோகாலுக்குக் காரம் கூடுதல். ஆகவே சுக்கு வேறு மருந்து, இஞ்சி வேறு மருந்து. ஏட்டில் இஞ்சி என்று இருக்கும் இடத்தில் சுக்குப்பொடியைப் போட எங்களுக்கு அனுமதியில்லை. அந்தக் கண்டிப்புக்கு ஆய்வகத்திலும் ஆதாரம் இருக்கிறது.

நான் அதிகம் கற்றது கீழாநெல்லியிடம். மழைக்குப் பிறகு வயல் வரப்பெல்லாம் முளைத்து நிற்கும் சிறு செடி. இலைக்காம்பை ஒட்டிக் கீழ்ப்பக்கம் காய் வரிசையாகத் தொங்கும். அதோடு அடையாளம் முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஃபில்லாந்தஸ் என்ற ஒரே பேரினத்தில் பார்வைக்கு ஒத்த இனங்கள் பல இருக்கின்றன. ஆசான் பூவையும் தண்டின் நிறத்தையும் பார்த்துப் பிரிப்பார். தாவரவியலார் விதையை லென்ஸில் வைத்துப் பிரிப்பார்கள். ஃபில்லாந்தஸ் அமாரஸின் விதையில் வரிகள் நீளவாக்கில் ஓடும், ஃபில்லாந்தஸ் யூரினேரியாவின் விதையில் குறுக்குவாட்டில் ஓடும். அமாரஸின் இலையில் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற லிக்னான்கள் நன்றாகத் தெரிகின்றன, மற்ற இனங்களில் அந்த அளவுக்கு இல்லை. மூட்டையில் வரும் காய்ந்த கீழாநெல்லியில் இந்த இனங்கள் கலந்திருப்பது சாதாரணம். நொறுங்கிய பிறகு எந்த இலை எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஆசான் இதைப் பச்சையாக மட்டுமே, கண்ணால் பார்த்துப் பறித்து, அரைத்து மோரில் கலந்து தருகிறார்.

இந்தச் செடியின் ஆய்வு வரலாற்றை நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புவேன். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெப்படைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த வைரஸை உடம்பில் சுமந்திருந்தவர்களுக்கு ஃபில்லாந்தஸ் அமாரஸ் பொடியை 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். பொடி சாப்பிட்டவர்களில் 59 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்டவர்களில் 4 விழுக்காடு மட்டுமே. உலகமே சென்னைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் பிற இடங்களிலும் பின்னர் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனமா, மண்ணா, பறித்த பருவமா, நோயாளிகளின் வேறுபாடா, அல்லது முதல் ஆய்வில் இருந்தவர்களின் எண்ணிக்கை குறைவு என்பதா என்று விவாதம் நீண்டது. எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்தவர்கள், ஹெப்படைடிஸ் பி-க்கு இதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்றே முடிவு செய்தார்கள்.

கீழாநெல்லியை மதிக்கிற நான் இந்த முடிவையும் மதிக்கிறேன். நம் ஊரில் மஞ்சள் காமாலை என்று வருகிறவர்களில் பலருக்கு இருப்பது ஹெப்படைடிஸ் ஏ. அது பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கும். அப்போது குடித்த மோருக்கு முழுப் பெருமையையும் கொடுத்துவிடுகிறோம். பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தாலும் இதே மஞ்சள்தான் கண்ணில் தெரியும். அங்கே நாள் கடத்துவது உயிருக்கு ஆபத்து. ஆசான் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்க்காமல் காமாலைக்கு மருந்து அரைப்பதில்லை. அவருக்கு முந்தைய தலைமுறையில் அந்தச் சீட்டு இல்லை, இவர் காலத்தில் இருக்கிறது, ஆகவே பார்க்கிறார்.

இனி நஞ்சு. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கிழங்கைக் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்பார்கள். மூலனூர், தாராபுரம், வேதாரண்யம் பக்கங்களில் விதைக்காகவே பயிரிடுகிறார்கள், விதை ஏற்றுமதியாகிறது. காரணம் அதிலுள்ள கோல்ச்சிசின். கீல்வாத வலிக்கு உலகெங்கும் தரும் மருந்து இது. அலோபதி மாத்திரையில் இதன் அளவு வெறும் 0.5 மில்லிகிராம். கோல்ச்சிசின் உயிரணு பிளவுபடத் தேவையான நுண்குழல்களைக் கட்டவிடாமல் தடுக்கிறது. வெள்ளணுக்கள் மூட்டுக்குள் திரள்வதைக் குறைப்பதால் வலி அடங்குகிறது. அளவு மிஞ்சினால் குடல், எலும்பு மஜ்ஜை என்று வேகமாகப் பிளவுபடும் அணுக்கள் எல்லாவற்றையும் அழிக்கிறது. கிழங்கென்று நினைத்து இதை அவித்துத் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. தப்பிப் பிழைத்தவர்களுக்கும் சில நாளில் தலைமுடி கொட்டிவிடும்.

சித்த மருத்துவத்தில் இந்தக் கிழங்கைச் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை. மெல்லிய வில்லைகளாக நறுக்கி, உப்பிட்ட மோரில் இரவு முழுவதும் ஊற வைத்து, பகலில் வெயிலில் காய வைத்து, மறுபடியும் புது மோரில் ஊற வைப்பார்கள். கோல்ச்சிசின் தண்ணீரில் கரையும் பொருள். வெளிச்சம் பட்டால் அது லூமிகோல்ச்சிசின் என்ற வேறொன்றாக மாறுவதையும் வேதியியல் சொல்கிறது, அந்த வேறொன்றுக்கு நுண்குழலைத் தடுக்கும் வலு இல்லை. மோரும் வெயிலும் செய்வது இவையாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் சுத்தி செய்த வில்லையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கண்ணும் நாவும் சொல்லாது. கிழங்குக்குக் கிழங்கு அளவு மாறும். அதனால்தான் ஆசான் இதை வெளிப்பூச்சு எண்ணெயில் மட்டும் சேர்க்கிறார். ஒரு நாள் மருந்து அரைக்கும் கல்வத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவரிடம், "உள்ளுக்கும் தரலாம் என்று ஏட்டில் இருக்கிறதே, ஆசானே" என்று கேட்டேன். "ஏடு எழுதினவன் கையளவு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் ஒருத்தன் வயித்துக்குள்ள போடமாட்டேன்" என்றார். அந்தப் பதிலில் இருந்த அறிவியல் மனப்பான்மையை நான் பார்த்த ஆய்வகங்களில்கூட அரிதாகத்தான் கண்டிருக்கிறேன்.

எண்ணெய் காய்ச்சுவதில் காதுக்கும் வேலை உண்டு. சாறும், மூலிகையை அரைத்த விழுதான கற்கமும் சேர்ந்து கொதிக்கும் எண்ணெயில் நீர் மிஞ்சியிருந்தால் தைலம் சில வாரங்களில் பூசணம் பிடிக்கும். கற்கத்தைச் சிறிது எடுத்துத் திரியாக உருட்டித் தீயில் காட்ட வேண்டும். சடசடவென்று வெடித்தால் நீர் இருக்கிறது, சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கலாம்.

அனுபானம் என்று சொல்லும் துணைமருந்தைப் பற்றி நான் முன்பு அலட்சியமாக எண்ணியதில்லை, ஆனால் இவ்வளவு நுட்பம் இருக்குமென்றும் நினைக்கவில்லை. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையாது, குடலிலிருந்து ரத்தத்துக்கு மிகச் சொற்பமே ஏறும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் அது கிடைக்கும் அளவு சுமார் 20 மடங்கு கூடியதைக் காட்டினார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகு இத்தனை மருந்துகளில் ஏன் இடம்பெறுகிறது என்பதற்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. மிளகு, திப்பிலி இரண்டிலும் பைப்பரின் உண்டு. ஆனால் பைப்பரின் மஞ்சளுக்கு மட்டும் கதவு திறப்பதில்லை. வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயின் போன்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் உயர்த்தும். ஆடாதோடையும் அப்படித்தான். அதன் வாசிசினை அடியொற்றித்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் உருவானது. அதே வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆசான் ஆடாதோடை தருவதில்லை. "மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை" என்று விற்பவர்கள் மூலிகையை மதிக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து. வேலை செய்யும் பொருள் எதற்கும் எதிர்வேலை உண்டு. எதிர்வேலையே இல்லாத பொடியில் மருந்தும் இல்லை.

ஆகவே வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கும்போது தாவரப் பெயர், செடியின் எந்தப் பகுதி, அரைத்த தேதி ஆகிய மூன்றையும் கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். கண் மஞ்சளானால் முதலில் ரத்தத்தைப் பரிசோதியுங்கள். நீங்கள் சாப்பிடும் சூரணத்தையும் குடிநீரையும் உங்கள் ஆங்கில மருத்துவரிடமும், சாப்பிடும் மாத்திரைகளைச் சித்த மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.