பல் சுத்தம் செய்யப் போன இடத்தில்



போன மாதம் பல் கிளீனிங்குக்குப் போயிருந்தேன். நாற்காலியில் சாய்ந்ததும், மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களை எங்கோ பார்த்த ஞாபகம். பத்தாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்ச்! "டீச்சர், வலிச்சா கையைத் தூக்குங்க" என்றாள். நல்ல கை. வலிக்கவே இல்லை.

முடிந்ததும், "டாக்டர் எங்கேம்மா?" என்றேன்.

"இன்னொரு கிளினிக்ல இருக்கார் டீச்சர். ஆறு மணிக்கு வருவார்."

"நீ இதுக்கு என்ன படிச்சே?"

"பிளஸ் டூதான். இங்க வந்து பழகிக்கிட்டேன். ஏழு வருஷமாச்சு."

ராத்திரி வரை ஈறில் ரத்தம் கசிந்தது. ரத்தம் உறையாமல் இருக்க நான் மாத்திரை சாப்பிடுகிறவள். அவள் அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம், கிழவிக்குப் புத்தி வேண்டாமா! இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு இதைச் செய்யுமுன் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். அப்படி ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தால்?

மறுநாள் 1948-ஆம் வருடத்துப் பல் மருத்துவர் சட்டத்தைத் தேடிப் படித்தேன். (இதற்குப் பதிலாக 2023-ல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது.) அதில் மூன்று பேருக்குத்தான் பதிவேடு: டாக்டர், பல்செட் செய்யும் டென்டல் மெக்கானிக், டென்டல் ஹைஜீனிஸ்ட். காரை எடுப்பது, பாலிஷ் செய்வதெல்லாம் ஹைஜீனிஸ்ட் வேலை என்று சட்டமே சொல்கிறது. அதற்கு இரண்டு வருட டிப்ளமோ படித்து, மாநிலக் கவுன்சிலில் பதிய வேண்டும். பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கும் உதவியாளருக்கு அந்தச் சட்டத்தில் பதிவேடே இல்லை. எத்தனை வருடம் பழகினாலும், டாக்டர் பக்கத்திலேயே நின்றாலும், அவள் காரை எடுக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி இதையெல்லாம் சொன்னேன். காப்பி ஆறிப்போகும் வரை பேசாமல் இருந்தாள். "ஏதாவது ஆச்சுன்னா டாக்டர் என்னைத்தான் கைகாட்டுவார், இல்லையா டீச்சர்?" என்றாள்.

திங்கட்கிழமை, "இனி காரை எடுக்க மாட்டேன் சார்" என்று சொல்லியிருக்கிறாள். "அப்ப வேற இடம் பாத்துக்கோ" என்றாராம். ஆனாலும் அனுப்பவில்லை. இப்போது உறிஞ்சுகுழாய் பிடிப்பதும் கருவி கழுவுவதும்தான் வேலை. சம்பளத்தில் கொஞ்சம் கை வைத்துவிட்டார். பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் எடுத்தவள், டிப்ளமோ சேரலாம். இரண்டு வருடச் சம்பளத்துக்கு எங்கே போவாள்? அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவள் யார் என்று கமென்ட்டில் துப்புத் துலக்க வேண்டாம். உங்களில் இரண்டு பேர் பல் டாக்டர்கள். உங்கள் கிளினிக்கில் காரை எடுப்பது யார் என்று இன்பாக்ஸில் வந்து சொல்லுங்கள். திட்ட மாட்டேன்.