திருடனே "திருடன் திருடன்"னு கத்துனா?

முருங்கையில கம்பளிப்புழு வர்றதைப் பத்தி எழுதுறேன்னு போன தடவை சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இப்ப வேற ஒரு புழுவைப் பத்திச் சொல்லணும்.

எங்க வீட்ல இருக்கிறது, மக ப்ளஸ் டூ படிச்சப்ப அரசாங்கம் குடுத்த இலவச லேப்டாப். அவ கல்யாணமாகி கோயம்புத்தூர் போனதும் பெட்டி எனக்கு வந்துருச்சு. பேட்டரி செத்து பல வருசமாச்சு, வயரைச் செருகினாத்தான் உசுரு வரும். பட்டா சிட்டா பாக்குறது, ஒட்டன்சத்திரம் மார்க்கெட் விலை பாக்குறது, உங்களுக்கு எழுதுறது எல்லாம் அதுலதான்.

அன்னிக்குச் சாயங்காலம் விலை தேடிக்கிட்டு இருந்தேன். திடீர்னு திரை முழுக்கச் சிவப்பு. கம்ப்யூட்டர்ல 5 வைரஸ் இருக்கு, பேங்க் விவரமெல்லாம் திருடு போகுது, அணைக்காதீங்க, உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு இங்கிலீஷ்ல எழுத்து. மேல மைக்ரோசாஃப்ட் பேரு. கூடவே ஆம்புலன்ஸ் மாதிரி ஒரு கூவல். மூடப் பார்த்தா மூட மாட்டேங்குது.

எனக்கு வேர்த்துருச்சு. முருங்கை வித்ததும் கைமாத்து வாங்குனதுமா கணக்குல 62,000 ரூபா கிடந்தது. ரெண்டு நாள்ல அடகு நகையைத் திருப்பணும். யோசிக்காம நம்பரைப் போட்டுட்டேன்.

எடுத்தவன் வார்த்தைக்கு ஒரு சார் போட்டான். இத்தனை வயசுல யாரும் என்னை அத்தனை சார் சொன்னதில்ல. ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான், இறக்கினேன். அதுல வந்த நம்பரைப் படிக்கச் சொன்னான், படிச்சேன். அவ்வளவுதான், நான் தொடாமலே அம்புக்குறி தானா நகருது! கறுப்பா ஒரு கட்டத்தைத் திறந்து எழுத்தா ஓட விட்டு, "பாருங்க சார், எல்லாம் வைரஸ்"னான். அப்புறம், "பேங்க் கணக்கைத் திறங்க, பணம் பத்திரமா இருக்கான்னு பாத்துருவோம்"னான்.

அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்த வீட்டுக்காரம்மா ஒண்ணுதான் கேட்டாங்க: "ஏங்க, வைரஸ் பெட்டியிலதானே இருக்கு? அவன் எதுக்குப் பேங்க்கைத் திறக்கச் சொல்றான்?"

என்கிட்ட பதில் இல்ல. வயரைப் புடுங்கிட்டேன். பேட்டரி இல்லாத பெட்டி அப்படியே செத்துப்போச்சு. செத்த பேட்டரிக்கு அன்னிக்குத்தான் நன்றி சொன்னேன். ராத்திரி வரைக்கும் ஏழு தடவை போன் அடிச்சான், எடுக்கல.

விடிஞ்சதும் பேங்க்ல போய்ச் சொல்லி, வேற போன்ல பாஸ்வேர்டை மாத்தினேன். பணம் போகல. அப்புறம் குஜிலியம்பாறையில கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிற தம்பிகிட்ட பெட்டியைக் கொண்டு போனேன். அந்த ஆப்பை எடுத்துட்டு முழுசாச் சோதிச்சான். வைரஸ்னு ஒண்ணுமே இல்ல.

"மாமா, அது வெறும் விளம்பரப் பக்கம். ஒரு வெப்சைட்டால உங்க பெட்டிக்குள்ள புகுந்து வைரஸ் இருக்கான்னு தேட முடியாது. மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில போன் நம்பரே இருக்காது. நம்பர் இருந்தா ஏமாத்துதான்"னான். அடுத்த தடவை வந்தா எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடிக்கணும், இல்ல ஆல்ட்டும் எஃப் 4-ம் சேர்த்து அமுக்கணும், அதுக்கும் மசியலைன்னா பெட்டியையே அணைச்சிரலாம்னு சொல்லிக் குடுத்தான். ஏதாவது பக்கம் "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா"ன்னு கேட்டா, தெரியாம "அலோவ்" குடுத்துறக் கூடாதாம். குடுத்தா மூலையில பொய் எச்சரிக்கையா வந்துக்கிட்டே இருக்குமாம்.

இது சின்னத் திருட்டு இல்ல. 2023 அக்டோபர்ல சிபிஐ, ஆபரேஷன் சக்ரா 2-ன்னு நாடு முழுக்க 76 இடத்துல சோதனை போட்டாங்க. மைக்ரோசாஃப்ட்டும் அமேசானும் குடுத்த புகாரும் அதுல உண்டு. கால் சென்டர் வச்சு, இதே மாதிரி பொய் எச்சரிக்கை அனுப்பி, வெளிநாட்டுக்காரங்ககிட்ட டாலரா கறந்திருக்காங்க. படிச்சவங்களே அங்க ஏமாந்திருக்காங்கன்னு தெரிஞ்சப்ப கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு.

அதுக்காக எல்லா எச்சரிக்கையும் பொய்யின்னு விட்றவும் கூடாது. பெட்டியிலயே இருக்கிற ஆன்டிவைரஸ் நம்ம வீட்டு நாய் மாதிரி. அது குரைச்சா எந்திரிச்சுப் போய்ப் பாக்கணும். சில நேரம் சொந்தக்காரனைப் பாத்தும் குரைக்கும். 2010 ஏப்ரல்ல மெக்காஃபி ஆன்டிவைரஸ், விண்டோஸ் எக்ஸ்பியோட சொந்த ஃபைலையே வைரஸ்னு பிடிச்சு, உலகம் பூரா கம்ப்யூட்டருங்க படுத்துருச்சு. அதனால அவசரப்பட்டு அழிக்காம, தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும். ஆனா ரோட்ல போறவன் வந்து "உங்க வீட்டுக்குள்ள திருடன், சாவியைக் குடுங்க"ன்னா குடுப்போமா? நான் குடுக்கப் போனேன்.

நகையைத் திருப்பியாச்சு. வீட்டுக்காரம்மா கழுத்துல கிடக்கு. "வைரஸ் போயிருச்சா?"ன்னு அப்பப்ப கேட்டுச் சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும்.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும். ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு இன்னிக்கே போன் போட்டுச் சொல்லுங்க. பணம் போயிருச்சுன்னா வெக்கப்பட்டு மறைக்காம உடனே 1930-க்குக் கூப்பிடச் சொல்லுங்க. சீக்கிரம் சொன்னாத்தான் நிறுத்தி வைக்க வழி இருக்கு.

அடுத்த வாரம் கண்டிப்பா கம்பளிப்புழுதான்.