உப்புக்காற்றில் ஒரு .315

துப்பாக்கிக் குழலுக்குள் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவார்கள் என்பது அண்ணா சாலையை ஒட்டிய சந்தில் இருந்த அந்தப் பட்டறைக்குப் போனபிறகுதான் எனக்குத் தெரிந்தது. போல்ட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார் பட்டறைக்காரர் பாய். ரைஃபிளைச் செங்குத்தாக நிறுத்தி, தோட்டா நுழையும் வாயில் தகரப் புனலைச் செருகி, கெட்டிலைச் சாய்த்தார். கீழே இருந்த வாளியில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் விழுந்தது. குழல் சூடேற ஏறத் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

"எண்ணெய் போட்டா துரு வராதுன்னு எல்லாரும் நினைச்சுக்கிறாங்க தம்பி. உப்பு எண்ணெயில கரையாது. தண்ணியிலதான் கரையும்."

உப்பு எங்கிருந்து வந்தது? பழைய தோட்டாக்களின் அடியில் இருக்கும் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்து இருக்கும். அது வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடு குழலுக்குள் படியும். சாப்பாட்டு உப்பைப் போலவே அதுவும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால், குழலின் உள்சுவரில் காடிகளுக்கு நடுவே புள்ளி புள்ளியாகத் துரு அரிக்கத் தொடங்கிவிடும். அதற்குமேல் எத்தனை எண்ணெய் போட்டாலும் அந்தக் குழிகள் மூடப்போவதில்லை.

இந்த ரைஃபிளுக்கு உப்பு வெளியிலிருந்தும் வந்திருந்தது. அது இருப்பது பெசன்ட் நகரில், எலியட்ஸ் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளிய ஒரு பழைய வீட்டில். ஜன்னல் கம்பி முதல் ஏசி பெட்டி வரை எதையும் கடற்காற்று விட்டுவைக்காத பகுதி அது. வீட்டுக்காரர் வால்பாறைத் தேயிலைத் தோட்டமொன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 1960களில் உரிமம் எடுத்து வாங்கிய .315 ரைஃபிளை இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். உரிமத்தைக் காலந்தவறாமல் புதுப்பிக்கிறார். தேர்தல் அறிவிப்பு வந்து காவல் நிலையம் கேட்டால் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கி வருகிறார். துப்பாக்கியைத்தான் பல வருடங்களாகத் திறந்து பார்க்கவில்லை. அன்று அவரே உரிமப் புத்தகத்தோடு காரில் கொண்டுவந்தார். ஒட்டிக்கொண்டு நானும் போனேன்.

நான் போன காரணம் வேறு. துப்பாக்கி சுடுதலில் ஆர்வம் வந்த நண்பர் ஒருவர், வேட்டைக்கும் தூர இலக்குக்கும் சேர்த்து ஒரே கேலிபர் (குழலின் உள்விட்ட அளவு) எடுப்பதானால் எது நல்லது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெளிநாட்டு வீடியோக்களில் .308, .30-06, 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர் என்று வாதம் ஓய்வதேயில்லை. ரைஃபிளின் சொந்தக்காரரான பெரியவரிடம் இதைச் சொன்னதும் அவர் சொன்ன பதில்: "எங்க காலத்துல யாருங்க கேலிபர் தேர்ந்தெடுத்தாங்க? சட்டம் எதை விட்டுச்சோ, கடையில எதுக்குத் தோட்டா கிடைச்சுதோ, அதை வாங்கினோம்."

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இதைவிடத் துல்லியமான பதில் இல்லை என்பது விசாரித்துப் பார்த்தபிறகு புரிந்தது. .315 என்ற அளவே அதற்குச் சாட்சி. இந்தத் தோட்டா ஆஸ்திரியா-ஹங்கேரிப் படைக்காக 1880களின் இறுதியில் உருவான 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவின் வழிவந்தது. அந்தப் படைக்கும் இந்தியக் காட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டா .303. அது பொதுமக்கள் கையில் இருந்தால் ஒருநாள் தன்மீதே திரும்பும் என்று அரசு அஞ்சியது, எனவே தனியாருக்கு .303 கூடாது என்றது. ராணுவத் தோட்டா நுழையாத அளவில் ஒரு ரைஃபிள் வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் கம்பெனிகள் .315-ஐச் செய்து விற்றன. யானை, காட்டெருமைக்கான .450 துப்பாக்கிகளுக்கும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே கதி நேர்ந்தது, தடையைத் தாண்டுவதற்காகவே .465, .470 என்று அளவுகள் பிறந்தன.

வெள்ளைக்காரன் போனான், அந்த அச்சம் போகவில்லை. 1959-இன் ஆயுதச் சட்டத்தின் கீழும் ராணுவத் தோட்டா நுழையும் ரைஃபிள் தடைசெய்யப்பட்ட வகைதான். உலகமெங்கும் மான் வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் .308, ராணுவத்தின் 7.62 தோட்டாவுக்கு இரட்டைப் பிறவி. ஆகவே சாதாரண உரிமதாரருக்கு அது இல்லை. வங்காளத்தின் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, .303 லீ-என்ஃபீல்டு செய்த அதே கைப்பழக்கத்தோடு .315 ரைஃபிளைச் செய்து விற்றது. பிற்காலத்தில் .30-06 ரைஃபிளும் அங்கிருந்து வந்தது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, இச்சாப்பூரும் நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன.

சரி, .315 எப்படிப்பட்டது? மூலத் தோட்டாவின் கணக்கில் 15.8 கிராம் ரவை, விநாடிக்குச் சுமார் 620 மீட்டர் வேகம். கனம் அதிகம், வேகம் குறைவு, மூக்கு மொட்டை. .30-06-இல் 9.7 கிராம் ரவை விநாடிக்கு 880 மீட்டர் அளவில் போகும். 200 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பு .315 ரவையை இரண்டு அடிக்கும் மேல் கீழே இழுத்துவிடும்; .30-06 ரவை ஏறக்குறைய ஓரடியோடு நிற்கும். காட்டுக்குள் ஐம்பது, எண்பது மீட்டரில் சுட்ட காலத்துக்கு .315 தாராளமாகப் போதும். தூர இலக்குக்கு அது ஆகாது. குறிவைப்பவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், தூரத்தைக் கொஞ்சம் தவறாக மதிப்பிட்டால் ரவை மண்ணைத்தான் தொடும்.

பாய் இதை எண்ணில் சொல்லவில்லை. "இது பக்கத்துல நின்னு பேசுற ஆளு" என்று மட்டும் சொன்னார்.

தண்ணீர் வடிந்ததும் புல்த்ரூ கயிற்றில் துண்டுத் துணியைக் கோத்து இழுத்தார். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு அந்தக் கயிறும் துணியும் மறந்திருக்காது. முதல் துணி கறுப்பாக வந்தது, அடுத்தது பழுப்பு, பிறகு வெளுக்கத் தொடங்கியது. வெளிச்சத்துக்கு நேராகக் குழலைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். காடிகள் முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன. வாய்ப்பக்கம் தெளிவாக இருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் அம்மைத் தழும்பாகச் சில குழிகள். அடுத்து, மருந்தும் கேப்பும் இல்லாத ஒரு போலித் தோட்டாவை எடுத்து, ரவையின் மூக்கைக் குழலின் வெளிவாயில் வைத்தார். ரவையைப் பெருமளவு வெளியே விட்டு அது நின்றுகொண்டது. தேய்ந்த குழலாக இருந்தால் பித்தளை விளிம்புவரை விழுங்கிவிடுமாம். "உயிர் இருக்கு சார்" என்றார் பெரியவரிடம். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

பட்டறையில் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர்தான். பாய் அப்பாவிடம் கற்றவர், அப்பா தாத்தாவிடம். மற்றவர் அம்பத்தூரில் லேத் ஓட்டிவிட்டு இங்கே வந்தவர். அவர் அன்று செய்துகொண்டிருந்த வேலை என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது. ஏதோ ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு ஸ்பிரிங் உடைந்திருந்தது. அந்தக் கம்பெனியே இப்போது இல்லை; பாகம் எங்கும் கிடைக்காது. பட்டை எஃகை அரத்தால் ராவி, பழைய துண்டோடு வைத்து வைத்துப் பார்த்து, வளைத்து, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் போட்டார். அந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி, தட்டினால் உடையும். பிறகு மணலைச் சூடாக்கி அதன்மேல் வைத்துக் காத்திருந்தார். வெளிர் மஞ்சள், பழுப்பு, ஊதா என்று நிறம் மாறி மயில்கழுத்து நீலம் வந்த அந்தக் கணத்தில் எடுத்தார். கொஞ்சம் முந்தினால் உடையும், பிந்தினால் தொய்யும். வெப்பமானி கிடையாது. கண்தான் அளவு.

இப்படிப்பட்ட கைக்கு இந்த நகரத்தில் வேலை குறைந்துகொண்டே வருகிறது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. புதிய உரிமம் கிடைப்பது அரிது. பிள்ளைகளுக்கு இதில் நாட்டமில்லை. பாயின் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார். அரிய கைத்தொழில்கள் அழிகின்றன என்று நாம் பட்டு நெசவுக்கும் பித்தளை வார்ப்புக்கும் வருந்துகிறோம். ஆயுதம் என்ற ஒரே காரணத்தால் இந்தத் தொழிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஒரு துப்பாக்கி பாதுகாப்பாக இருக்கிறதா, சுட்டவன் முகத்திலேயே வெடிக்குமா என்று தெரிந்து சொல்லக்கூடியவர் இவர்தான்.

வேட்டைக்கு வருகிறேன். பெரியவர் வால்பாறையில் இருந்தபோது வேட்டைக்கு அனுமதிச் சீட்டு தருவார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அன்றோடு நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அதற்கு முந்தைய தலைமுறையின் வேட்டைக் கதைகளில் கேலிபர் பெயர்கள் கதாபாத்திரங்களாகவே வரும். குமாவுன் மலையில் ஜிம் கார்பெட்டுக்கு .275 ரிக்பி, சேலம், தருமபுரிக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சனுக்கு .405 வின்செஸ்டர். அந்த வாசிப்பின் மயக்கத்தில்தான் இன்றும் பலர் வேட்டை ரைஃபிள் பற்றிக் கேட்கிறார்கள். இன்றைய நிலைமை வேறு. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அனுமதி தரும் அதிகாரத்தைக் கேரளம் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் பொறுப்பு வனத்துறையினருக்கே; விவசாயிக்கோ நகரத்து ஆர்வலருக்கோ அல்ல.

அந்த வேலைக்கும் ரைஃபிளைவிட 12 போர் துப்பாக்கிதான் பொருத்தம் என்றார் பாய். காரணம் எளிது. தோட்டத்துக்கு அப்பால் வீடு இருக்கும், சாலை இருக்கும். .30-06 ரவை குறி தவறினால் நாலு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழக்கூடும். 12 போரின் ஈயக்குண்டுகள் சீக்கிரமே வேகம் இழந்துவிடும். எது பன்றியை வீழ்த்தும் என்பது இரண்டாவது கேள்வி; தவறிய ரவை எங்கே போய் நிற்கும் என்பதே முதல் கேள்வி. வீடியோக்களில் கேலிபர் ஒப்பிடுகிறவர்கள் இதைப் போதுமான அளவு சொல்வதில்லை.

மிச்சமிருப்பது இலக்குச் சுடுதல். நம் ஊரில் அதற்கான உண்மையான கதவு சிறிய கேலிபர்களில் இருக்கிறது. 10 மீட்டர் ஏர் ரைஃபிளின் ஈயக்குண்டு 4.5 மில்லிமீட்டர், இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றது இதில்தான். நம் கடலூர் மண்ணில் பிறந்த இளவேனில் வாலறிவன் சர்வதேச மேடைகளில் நிற்பதும் இதில்தான். 50 மீட்டருக்கு .22, 2.6 கிராம் ரவை. பத்து மதிப்பெண் வளையம் 10.4 மில்லிமீட்டர். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் எடுத்த ரைஃபிள் இந்த வகை. போட்டித் தோட்டாக்களின் வேகத்தை ஒலியின் வேகத்துக்குக் கீழேயே வைத்திருப்பார்கள். ஒலித்தடையைக் கடக்கும்போது ரவை தள்ளாடும் என்பதால். பெரிய சத்தமும் தோளில் இடிக்கும் உதையும் இருந்தால்தான் துப்பாக்கி என்று நினைப்பவர்கள், சீராக மூச்சுவிட்டு விசையை அழுத்தக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை இழக்கிறார்கள்.

பெரியவர் ரைஃபிளைக் கட்டையோடு பூட்டி வாங்கிக்கொண்டு, "வருஷத்துக்கு ஒருதடவை கொண்டாரேன் பாய்" என்றார். "ஒருதடவை போதாது சார், உங்க ஊர்ல கடல் இருக்கு. மழைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு" என்றார் பாய். பெசன்ட் நகரும் அவருக்கு வேறு ஊர்தான்.

நண்பருக்கு நான் சொல்லப்போவது இதுதான். வேட்டை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எழும்பூரில் ரைஃபிள் கிளப் இருக்கிறது. உறுப்பினராகி ஏர் ரைஃபிளில் தொடங்குங்கள், கை நின்றபிறகு .22-க்குப் போங்கள். அதற்கு மேல் ஆசை இருந்தால், உரிமம் கிடைத்தால், .30-06 பற்றி அப்போது பேசலாம். அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன .315 வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உரிமம் உங்கள் பெயருக்கு மாறவில்லையென்றால், அது வீட்டில் இருப்பதே குற்றம். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ உடனே ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். உரிமம் இருந்தால், கை தேர்ந்த ஒருவரிடம் காட்டாமல் அதில் ஒரு தோட்டாவைக்கூடப் போடாதீர்கள்.