காதுக்கு எட்டிய கதைகள்

விகடன் இதழ்களிலிருந்து பிரித்தெடுத்து, தைத்து, கனத்த அட்டை போட்ட ‘தில்லானா மோகனாம்பாள்’ எங்கள் வீட்டில் பலர் கை பட்டு ஓரம் நைந்து கிடந்தது. கோபுலுவின் சித்திரங்களை ஆசை தீரப் பார்த்த பிறகுதான் கொத்தமங்கலம் சுப்புவின் எழுத்துக்குள் போவேன். சிக்கல் சண்முகசுந்தரத்தின் ரோஷம் தெரியும், மோகனாவின் தவிப்பு தெரியும். அவன் நாகஸ்வரம் மட்டும் கேட்காது.

ஏ.பி. நாகராஜன் 1968இல் எடுத்த படத்தை வெகுநாள் கழித்து டூரிங் டாக்கீஸில் பார்த்தேன். ‘நகுமோமு’ எழுந்ததும் உடம்பு சிலிர்த்தது. வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அவர்கள் மூச்சுக்குச் சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் விரல்களும் இசைந்துகொடுத்தன. நாவலின் கிளைக்கதைகள் பல படத்தில் இல்லை. அது எனக்குக் குறையாகவே படவில்லை. புத்தகம் தரமுடியாத ஒன்று கிடைத்துவிட்டதே!

நாகஸ்வரத்தை நினைத்தால் மனம் காவிரிக் கரைக்குப் போய்விடுகிறது. கும்பகோணம், ரங்கண்ணாவின் வீடு, தம்புராவோடு உட்கார்ந்திருக்கும் பாபு. ‘மோகமுள்’ளை எத்தனை முறை படித்தாலும் அந்த வீட்டுக்குள் போகும்போது என் குரல் தணிந்துவிடும். வடக்கேயிருந்து வந்த பாடகர்கள் ரங்கண்ணாவின் முன்னால் பாடும் இடத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்ப மனம் வராது. தி. ஜானகிராமன் சங்கீதம் அறிந்தவர். அவர் வாக்கியத்திலேயே சுருதி சேர்ந்திருக்கும்.

அதை 1995இல் ஞான ராஜசேகரன் படமாக்கினார். அவருக்கு அதுதான் முதல் படம். தேசிய விருதும் வந்தது. இளையராஜா இசை, ரங்கண்ணாவாக நெடுமுடி வேணு. அக்கறையோடு எடுத்த படம், மதிக்கிறேன். ஆனாலும் படிக்கும்போது எனக்குள் கேட்ட தம்புராவைத் தேடிக்கொண்டேதான் திரையரங்கில் உட்கார்ந்திருந்தேன். நாவலின் நாயகி யமுனாவுக்கு ஒரு முகம் கிடைத்ததில், நான் இத்தனை வருடம் பார்த்துவந்த யமுனா சற்று விலகிப்போனாள். எழுத்தே பாடிவிட்ட இடத்தில் திரைக்குப் பாட இடமில்லை.

நிரப்ப இடமிருந்த ஒரு கதையும் நினைவுக்கு வருகிறது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’. அவர் எழுத்தின் உச்சம் என்று அதைச் சொல்லமாட்டேன். மகேந்திரன் அதிலிருந்து தாயை இழந்த பிள்ளைகளின் தவிப்பை எடுத்துக்கொண்டு, ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் வேறொரு கதையை வளர்த்தார். 1979இல் வந்த ‘உதிரிப்பூக்கள்’ அது. அசோக்குமாரின் ஒளிப்பதிவில் வெயிலும் மணலும்கூடப் பேசின, மனிதர்கள் குறைவாகவே பேசினார்கள். ஊரே கரையில் நிற்க அந்தத் தகப்பன் ஆற்றில் இறங்கும் முடிவு, புதுமைப்பித்தன் எழுதாதது. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபின் யாருக்குத்தான் மூலத்தோடு ஒப்பிடத் தோன்றும்?

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ 2022இலும் 2023இலும் வந்தபோது, எந்தக் காட்சி விடுபட்டது என்று வீட்டுக்கு வீடு கணக்குப் பார்த்தார்கள். கல்கியின் ஐந்து பாகங்களையும் நெஞ்சில் சுமக்கிறவர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அந்தக் கணக்கு உதவாது. விடுபட்டதை எண்ணினால் நாகராஜனின் படமும் தோற்றுப்போகும். நாவல் எங்கே மௌனமாக இருந்தது, அங்கே படம் என்ன கொடுத்தது என்றுதான் பார்க்கவேண்டும். சுப்பு எழுதியது கதை. அதற்கு மூச்சு கொடுத்தவர்கள் மதுரைச் சகோதரர்கள்.

என் தீர்ப்பு இதுதான். ‘தில்லானா மோகனாம்பாள்’ தன் நாவலுக்கு நிகராக நிற்கிறது. ‘உதிரிப்பூக்கள்’ மூலத்தைத் தாண்டிவிட்டது. ‘மோகமுள்’ மட்டும் இன்னும் புத்தகத்தில்தான் இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டோம், போதும் என்று யாரும் இருந்துவிட வேண்டாம். அதைப் படித்தே ஆகவேண்டும்.