மூலையைத் தந்தவர்

பத்தடிக்குப் பன்னிரண்டடி: எங்கள் வரவேற்பறை அவ்வளவே. அதற்குள் கூம்பு ஒலிபெருக்கி ஒன்றைக் கையால் செய்து வைக்க ஆசைப்பட்டேன்.

ஸ்பீக்கரின் காகிதத் தாள் தனியே அதிரும்போது காற்றை நன்கு பற்றுவதில்லை. தொண்டை குறுகி வாய் விரிந்த கூம்பு அக்குறையைத் தீர்க்கிறது. சிறிய ஆம்பிளிஃபயரே போதுமானதாகிறது. ஆனால் ஒலி தாழத் தாழ வாய் அகல வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். வாயின் சுற்றளவும் ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். அது எங்கள் வாசலில் நுழையாது! எனவே 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைத் துறந்தேன். அப்போதும் வாய்க்கு ஏறத்தாழ 1 சதுர மீட்டர் தேவைப்பட்டது.

வழிகாட்டியவர் அமெரிக்கப் பொறியாளர் பால் கிளிப்ஷ். 1940களில் அவர் வடிவமைத்த கிளிப்ஷ்ஹார்னில் அறையின் மூலைச் சுவர்களே கூம்பின் தொடர்ச்சியாகின்றன. இரு சுவர்களும் தரையும் கூடும் மூலையில் எட்டில் ஒரு பங்கு வாயே போதும்: 34 செ.மீ. பக்கமுள்ள சதுரம். நீளத்தைப் பிளைவுட் பலகைகளால் மடித்துக்கொள்ளலாம்.

ஆனால் எஞ்சியிருந்த ஒரே மூலையில் அப்பாவின் சாய்வு நாற்காலி இருந்தது. அவர் மறைந்தபின் அம்மா அதை நகர்த்த விட்டதில்லை. கேட்க எனக்கு நா எழவில்லை. வரைபடம் மாதக்கணக்கில் மேசைமீதே கிடந்தது.

ஒருநாள் அம்மாவே, "இந்த மூலைதானேப்பா வேணும்?" என்று கேட்டு, நாற்காலியை எதிர்ச்சுவரருகே இழுத்துப் போட்டார்கள்.

பெட்டி பாடிய அன்று முதன்முறையாக அதில் அமர்ந்தார்கள். அதிரும் தாழ்ஒலி இல்லை; பாடுபவரின் மூச்சுகூடத் தெளிவாகக் கேட்டது. கணக்கையெல்லாம் போட்டவன் நான். இடத்தைத் தந்தவர் அம்மா.