டே ஸ்காலரின் டைரி

ஜூலை 16, புதன்

கல்லூரி திறந்த சில வாரங்களுக்குள் கோஷ்டி சேர்ந்தாகிவிட்டது. ஹாஸ்டல் பெண்கள் மெஸ் உப்புமாவைத் திட்டித் திட்டியே தோழிகளாகிவிட்டார்கள். ராத்திரி அங்கே நடந்ததற்குக் காலையில் வகுப்பில் சிரிப்பார்கள். எனக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது. சாயங்காலம் பெல் அடித்ததும் ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளுக்கு யார் உட்கார்ந்து கதை சொல்வார்கள்?

ஜூலை 20, ஞாயிறு

கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ படித்தேன். 1950-இல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் சேர்ந்தவர். ஹாஸ்டலில் அவருடைய அறைத் தோழர்கள் இருவர்: ஸ்ரீரங்கத்து ஆசார ஐயங்கார் ஒருவர், கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் ஒருவர். “காவிரியைத் தாண்டினா வீடு. அந்தப் பிள்ளை எதுக்கு ஹாஸ்டல்ல இருந்தான்?” என்று பாட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மூன்றாம் வருஷம் கலாம் சைவ மெஸ்ஸுக்குச் செயலாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெக்டரான களத்தில் என்ற பாதிரியாரைச் சாப்பிடக் கூப்பிட்டு, அவரவர் பக்கத்துப் பலகாரங்களைப் பரிமாறியிருக்கிறார்கள். அவர் வாயாரப் புகழ்ந்தாராம்.

குணம் பார்த்துச் சேர்ந்த மூவராக எனக்குத் தோன்றவில்லை. ஒரே அறை, ஒரே மெஸ், சேர்ந்து இழுத்துப் போட்டுக்கொண்ட ஒரு வேலை. சிநேகத்துக்கு அது போதும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. லேப்பில் என் பக்கத்தில் நிற்கும் அரியலூர்க்காரியையும் அவள் அறைத் தோழிகளையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். பாட்டி புளியோதரையைத் தானே கிளறினாள். தேங்காய் துருவும் வேலையை அவர்களிடம் தள்ளினாள்; துருவியதில் பாதி வாய்க்குள் போனது. தூக்குவாளியோடு அம்மா மண்டபம் போனோம். படித்துறையில் ஒரே கூட்டம். ஒருவருக்கொருவர் மஞ்சள் சரடு கட்டிவிட்டுக்கொண்டோம். “ஏய், நீ இவ்ளோ பேசுவியாடி?” என்றாள் அரியலூர்க்காரி. வகுப்பில் பேச வாய்ப்பே வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 6, புதன்

ரெக்கார்டு எழுத ஹாஸ்டலுக்குப் போனேன். வெளியாட்களுக்கு மெஸ்ஸில் சாப்பாடு கிடையாது என்றார்கள். விதியைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது டே ஸ்காலர்களையும் காசு வாங்கிக்கொண்டு மெஸ்ஸில் உட்கார விடலாம். ஹாஸ்டல் நடத்துகிற கல்லூரிகள் இதை யோசிக்க வேண்டும்.